எட்டாவது சர்வர்

2012 ஆகஸ்ட் 1, புதன்கிழமை. அமெரிக்காவில் நைட் கேபிடல் என்று ஒரு கம்பெனி. பங்குச் சந்தையில் தரகு வியாபாரம். சின்ன ஆசாமி இல்லை. அந்த நாட்டில் கைமாறும் பங்குகளில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு இவர்களுடைய கம்ப்யூட்டர்கள் வழியாகத்தான் போய்வந்துகொண்டிருந்தது. காலை ஒன்பதரைக்குச் சந்தை திறந்தது. பத்தேகாலுக்குக் கம்பெனி கிட்டத்தட்டக் காலி!

நாற்பத்தைந்து நிமிடம். 46 கோடி டாலர் நஷ்டம். அன்றைய மதிப்பில் சுமார் 2,500 கோடி ரூபாய். யாரும் கொள்ளையடிக்கவில்லை. யாரும் ஊழல் செய்யவில்லை. போர் இல்லை, பூகம்பம் இல்லை. ஒரே ஒரு சர்வரில் புது சாஃப்ட்வேரை ஏற்ற மறந்துவிட்டார்கள். அவ்வளவுதான் விஷயம்.

கொஞ்சம் விவரமாகவே பார்த்துவிடலாம். நியூயார்க் பங்குச் சந்தை அன்றைக்குப் புதிதாக ஒரு திட்டத்தை ஆரம்பிப்பதாக இருந்தது. அதில் கலந்துகொள்ள, நைட் கம்பெனி தன் சாஃப்ட்வேரில் சில மாற்றங்களைச் செய்தது. ஆர்டர்களைச் சந்தைக்கு அனுப்புகிற வேலையைப் பார்த்தவை எட்டு சர்வர்கள். ஜூலை 27-லிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் புது புரோகிராமை ஏற்றினார்கள். ஏற்றியவர் ஒரு டெக்னீஷியன். ஏழு சர்வரில் ஏற்றினார். எட்டாவதை விட்டுவிட்டார். 'ஒருத்தர் செய்ததை இன்னொருத்தர் சரிபார்க்க வேண்டும்' என்று எழுதிவைத்த விதி எதுவும் அந்தக் கம்பெனியில் கிடையாது.

சரி, ஒரு சர்வரில் பழைய புரோகிராம் இருந்தால் பழைய மாதிரிதானே வேலை செய்யும்? அங்கேதான் விதி விளையாடியது. புது வசதியை இயக்குவதற்கு ஒரு ஸ்விட்ச் தேவைப்பட்டது. புதிதாக ஒன்றைச் செய்யாமல், 'பவர் பெக்' என்ற பழைய வசதிக்கு இருந்த ஸ்விட்சையே எடுத்து மாட்டிவிட்டார்கள். பவர் பெக்கை 2003-லேயே நிறுத்தியாயிற்று. ஆனால் அழிக்கவில்லை. பரணில் போட்ட ஓட்டை உடைசல் மாதிரி அது பாட்டுக்கு உள்ளே கிடந்தது. ஸ்விட்சைப் போட்டதும் ஏழு சர்வர்கள் புது வேலையைச் செய்தன. எட்டாவதில் பரண் மேலே இருந்த பூதம் எழுந்து உட்கார்ந்தது.

கேட்டது போதும், நிறுத்து என்று பவர் பெக்குக்குச் சொல்கிற பகுதியை 2005-ல் வேறு இடத்துக்கு மாற்றியிருந்தார்கள். ஆகவே அதற்கு நிறுத்தத் தெரியாது. வாடிக்கையாளர்கள் கொடுத்தது வெறும் 212 ஆர்டர். அதை வைத்துக்கொண்டு 154 கம்பெனிகளின் பங்குகளில் 40 லட்சம் வியாபாரத்தை முடித்தது அந்தப் பூதம். கைமாறியது 39.7 கோடிப் பங்குகள்.

இதில் இரண்டு சோகங்கள் உண்டு. ஒன்று, காலை 8.01 மணியிலிருந்தே கம்ப்யூட்டர் மெயில் அனுப்பிக்கொண்டிருந்தது. சந்தை திறப்பதற்குள் 97 மெயில். பவர் பெக் என்ற பெயரே அதில் இருந்தது. வழக்கமாக வருகிற குப்பை என்று யாரும் சீந்தவில்லை. இரண்டாவதுதான் கொடுமை. பதற்றத்தில், 'புது புரோகிராமில்தான் கோளாறு' என்று நினைத்து, சரியாக ஓடிக்கொண்டிருந்த ஏழு சர்வர்களிலிருந்தும் அதைக் கழற்றினார்கள். ஒரு பூதம் எட்டாயிற்று.

வெளியிலிருந்து சில முதலீட்டாளர்கள் 40 கோடி டாலர் போட்டுத் தூக்கி நிறுத்தினார்கள். ஆனாலும் அடுத்த வருடமே கெட்கோ என்ற போட்டிக் கம்பெனியோடு இணைய வேண்டியதாயிற்று. போதாக்குறைக்கு 2013 அக்டோபரில் அரசு அமைப்பு 1.2 கோடி டாலர் அபராதம் போட்டது.

அந்த டெக்னீஷியனைத் திட்டுவது சுலபம். ஆனால் யோசித்துப் பாருங்கள். எட்டு இடத்தில் ஒரே வேலையைக் கையால் செய்யச் சொன்னால், என்றைக்காவது ஒருநாள் ஒரு இடம் விட்டுப்போகத்தான் செய்யும். மனுஷன் அப்படித்தான். கல்யாண வீட்டில் எண்ணூறு பத்திரிகை எழுதினால் ஒரு சித்தப்பாவாவது விட்டுப்போவதில்லையா?

ஆக, மனிதக் கையை இந்த வேலையிலிருந்து எப்படி எடுப்பது? இந்தக் கேள்விக்குப் பதில் தேடிய கதை, வேடிக்கையாக, கம்ப்யூட்டரில் ஆரம்பிக்கவில்லை. துறைமுகத்தில் ஆரம்பிக்கிறது.

எண்ணூர், திருவொற்றியூர் பக்கம் போனவர்களுக்குக் கன்டெய்னர் லாரி வரிசையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அந்த இரும்புப் பெட்டிக்கு வழிவகுத்தவர் மால்கம் மெக்லீன். அமெரிக்காவின் வடக்கு கரோலினா மாநிலத்துக்காரர். லாரி முதலாளி. கப்பலைப் பற்றி ஒன்றும் தெரியாதவர். அதுதான் அவருடைய பலம் என்று எனக்குத் தோன்றுகிறது. அந்தக் காலத்தில் கப்பலில் சரக்கு ஏற்றுவது என்றால் மூட்டை, பீப்பாய், பெட்டி என்று ஒவ்வொன்றாகத் தூக்கி அடுக்க வேண்டும். நாள்கணக்கில் கப்பல் கரையில் நிற்கும். 'லாரியின் பெட்டியை அப்படியே தூக்கிக் கப்பலில் வைத்தால் என்ன?' என்று கேட்டார் மெக்லீன். 1956 ஏப்ரல் 26. 'ஐடியல் எக்ஸ்' என்ற பழைய எண்ணெய்க் கப்பல் 58 பெட்டிகளோடு நியூஜெர்ஸியின் நெவார்க் துறைமுகத்திலிருந்து ஹூஸ்டனுக்குப் புறப்பட்டது. அதுவரை ஒரு டன் சரக்கை ஏற்ற 5 டாலர் 83 சென்ட் ஆகிக்கொண்டிருந்தது. இந்த முறையில் 16 சென்ட்டுக்கும் குறைவு!

உள்ளே பொம்மையா, பருத்தியா, இயந்திரமா என்று கிரேனுக்குத் தெரிய வேண்டியதில்லை. பெட்டியின் அளவும் நான்கு மூலைகளில் இருக்கிற பூட்டும் ஒரே மாதிரி இருந்தால் போதும். அந்த மூலைப் பூட்டை வடிவமைத்தவர் கீத் டான்ட்லிங்கர் என்ற இன்ஜினீயர். மெக்லீனின் கம்பெனியிடம் அதற்குக் காப்புரிமை இருந்தது. 1963-ல் அந்த உரிமையை விட்டுக்கொடுத்தார்கள். யார் வேண்டுமானாலும் காசு தராமல் பயன்படுத்தலாம். அதற்குப் பிறகுதான் உலகம் முழுக்க ஒரே பெட்டி. இதைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு தேவைப்படும்.

இப்போது கம்ப்யூட்டருக்கு வருவோம். 'என் மெஷின்ல நல்லா ஓடுதே சார்!' சாஃப்ட்வேர் கம்பெனிகளில் தினம் ஒருதரமாவது காதில் விழுகிற வசனம் இது. எழுதியவருடைய லேப்டாப்பில் ஓடுகிற புரோகிராம், வாடிக்கையாளருடைய சர்வரில் ஓடாது. காரணம், எந்தப் புரோகிராமும் தனியாக வாழ்வதில்லை. அதற்குத் துணைக்குப் பத்து இருபது புரோகிராம்கள் வேண்டும். ஒன்றின் பதிப்பு மாறினாலும் முறுக்கிக்கொள்ளும்.

இதற்கு முதலில் கண்ட தீர்வு, கம்ப்யூட்டருக்குள் ஒரு பொய்க் கம்ப்யூட்டரையே உருவாக்கி அதில் புரோகிராமைக் குடிவைப்பது. வேலை செய்தது. ஆனால் ஒவ்வொரு குடித்தனத்துக்கும் தனி வீடு, தனிக் கிணறு, தனிக் கொல்லைப்புறம் என்று கட்டிக்கொடுக்கிற மாதிரி. இடமும் செலவும் கட்டுப்படி ஆகாது.

திருவல்லிக்கேணி ஒண்டுக்குடித்தனம் தெரியுமல்லவா? ஒரே வாசல், ஒரே கிணறு, ஆளுக்கு ஒரு அறை. கம்ப்யூட்டரில் கன்டெய்னர் என்பது அதுதான். ஒரு வித்தியாசம், இங்கே ஒவ்வொரு குடித்தனக்காரரும் மொத்த வீடும் தன்னுடையது என்றே நம்பிக்கொண்டிருப்பார். அடுத்த அறையில் ஆள் இருப்பதே தெரியாது. இதற்கான முதல் விதை 1979-ல் யூனிக்ஸ் ஏழாம் பதிப்பில் விழுந்தது. ஒரு புரோகிராமின் கண்ணுக்கு ஒரே ஒரு ஃபோல்டரை மட்டும் காட்டி, 'இதுதான் உன் உலகம்' என்று நம்பவைக்கிற 'சிஹெச்-ரூட்' என்ற சின்ன வசதி. 2000-ல் ஃப்ரீ-பிஎஸ்டிகாரர்கள் அதைப் பலப்படுத்தி, 'ஜெயில்' என்றே பெயர் வைத்தார்கள். ஆனாலும், ஒரு குடித்தனக்காரர் தண்ணீரை எல்லாம் மொண்டுகொண்டு போய்விட்டால்? 2006-ல் கூகுளில் இருந்த பால் மெனேஜும் ரோஹித் சேத்தும் அதற்கு வழி கண்டார்கள். இவருக்கு இத்தனை மெமரி, அவருக்கு இத்தனை நேரம் என்று அளந்து விடுகிற 'சி-குரூப்ஸ்'. 2008 ஜனவரியில் அது லினக்ஸில் சேர்ந்தது.

ஆக, சரக்கு எல்லாம் தயார். ஆனால் இதைக் கையாளத் தெரிந்தவர்கள் மிகச் சிலர். சாதாரண புரோகிராமருக்கு எட்டாத உயரத்தில் இருந்தது.

இறக்கிக் கொடுத்தவர் சாலமன் ஹைக்ஸ். டாட்-கிளவுட் என்ற சின்ன கம்பெனி நடத்திக்கொண்டிருந்தவர். அதற்குள் பெரிய கம்பெனிகள் போட்டிக்கு வந்துவிட்டன, வியாபாரம் சுகமில்லை. 2013 மார்ச் 15, கலிஃபோர்னியாவின் சான்டா கிளாராவில் பைத்தான் மொழிக்காரர்களின் மாநாடு. அங்கே ஹைக்ஸுக்குக் கிடைத்தது ஐந்தே நிமிடம். தன் கம்பெனி உள்ளுக்குள் பயன்படுத்திக்கொண்டிருந்த ஒரு கருவியை மேடையில் ஓட்டி, 'ஹலோ வேர்ல்ட்' என்று திரையில் வரவைத்துக் காட்டினார். பெயர் டாக்கர். ஏழே மாதத்தில் கம்பெனியின் பெயரையே அதற்கு மாற்ற வேண்டியதாயிற்று!

டாக்கர் என்றால் துறைமுகத்தில் மூட்டை தூக்குகிற தொழிலாளி. மெக்லீனின் பெட்டி வந்து யாருடைய பிழைப்பைப் பறித்ததோ, அவருடைய பெயரையே பெட்டிக்கு வைத்திருக்கிறார்கள். தெரிந்து வைத்தார்களோ, தெரியாமல் வைத்தார்களோ.

டாக்கர் செய்தது புதுக் கண்டுபிடிப்பு என்றுகூடச் சொல்ல முடியாது. ஒரு சமையல் குறிப்பை அறிமுகப்படுத்தியது. பத்துப் பதினைந்து வரி. எந்த அஸ்திவாரத்தின் மேல் கட்டுவது, எந்தத் துணைப் புரோகிராம் வேண்டும், நம் புரோகிராமை எங்கே வைப்பது, எதை முதலில் ஓட்டுவது. அவ்வளவுதான். 'கட்டு' என்று உத்தரவு போட்டால் இமேஜ் என்கிற மூட்டை தயார். அந்த மூட்டைக்கு 64 எழுத்தில் ஒரு கைரேகை. உள்ளே ஒரு காற்புள்ளி மாறினாலும் கைரேகை மாறிவிடும். இதன் அர்த்தம் புரிகிறதா? எட்டு சர்வரிலும் ஓடுவது ஒரே புரோகிராம்தானா என்று யாரும் நம்பிக்கையின் பேரில் சொல்ல வேண்டாம். கைரேகையைப் பார்த்தால் போச்சு.

பெட்டி கிடைத்துவிட்டது. துறைமுகம்?

அது ஏற்கெனவே வந்திருந்தது. கிறிஸ் பிங்காம் என்ற அமேசான் இன்ஜினீயர் சொந்த ஊரான தென்னாப்பிரிக்காவுக்கே திரும்பிப் போக விரும்பினார். 'சரி, அங்கிருந்தே வேலை பாருங்கள்' என்றது கம்பெனி. கேப் டவுனில் ஒரு சின்னக் குழு உட்கார்ந்து எழுதியதுதான், அமேசானின் கம்ப்யூட்டர்களை ஊருக்கெல்லாம் வாடகைக்கு விடுகிற ஈசி2 சேவை. 2006 ஆகஸ்டில் வந்தது. மணிக்கு 10 சென்ட் வாடகை. அன்றைய கணக்கில் நாலரை ரூபாய் சொச்சம். அதுவரை ஒரு சர்வர் வேண்டுமென்றால் கொட்டேஷன், பர்ச்சேஸ் ஆர்டர், முதலாளி கையெழுத்து என்று மாதக்கணக்கில் இழுக்கும். இப்போது சில நிமிடம்.

சௌகரியம் வந்தால் கூடவே ஒரு சனியனும் வரும். முன்பு நான்கு சர்வர் வைத்திருந்த கம்பெனி இப்போது நாற்பது வைத்துக்கொண்டது. ஒருத்தர் பிரவுசரில் பட்டனை அழுத்தி ஒன்றை உருவாக்குவார். இன்னொருத்தர் நடுராத்திரியில் ஏதோ பிரச்னை என்று ஒரு கதவைத் திறந்துவிட்டு மூட மறந்துவிடுவார். ஆறு மாதம் கழித்து, எது எதற்காக இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. உருவாக்கியவர் வேறு கம்பெனிக்குப் போயிருப்பார். அந்த சர்வரைத் தொடவும் பயம், நிறுத்தவும் பயம்.

இந்த வியாதிக்கு மருந்து கண்டவர் கம்ப்யூட்டர்காரரே இல்லை. மார்க் பர்ஜெஸ், இயற்பியல் ஆராய்ச்சியாளர். 1993-ல் ஆஸ்லோ பல்கலைக்கழகத்தில், தன் துறையிலிருந்த கம்ப்யூட்டர்களைக் கட்டி மேய்க்க முடியாமல், சி.எஃப்.இன்ஜின் என்று ஒன்றை எழுதினார். அவருடைய யோசனை ரொம்ப எளிமையானது. கம்ப்யூட்டருக்கு 'இதைச் செய், பிறகு அதைச் செய்' என்று உத்தரவு போடாதே. 'நீ கடைசியில் இப்படி இருக்க வேண்டும்' என்று மட்டும் சொல்.

ஆட்டோவில் ஏறுகிறீர்கள். 'லெஃப்ட்ல போ, ரெண்டாவது சிக்னல்ல ரைட், அப்புறம் யூ-டர்ன்' என்று சொல்லிக்கொண்டே போவது ஒரு வகை. வழியில் ஒரு தெருவை அடைத்திருந்தால் தொலைந்தீர்கள். 'மயிலாப்பூர் குளம் போகணும்ப்பா' என்பது இன்னொரு வகை. எங்கே ஏறினாலும் போய்ச் சேரலாம். ஏற்கெனவே குளத்தங்கரையிலேயே நின்றுகொண்டிருந்தால், 'இதோ வந்தாச்சு, இறங்குங்க' என்பார் டிரைவர். பர்ஜெஸ் சொன்னது இரண்டாவது வகை. அதே குறிப்பை நூறு தடவை ஓட்டினாலும் விபரீதம் கிடையாது.

அந்த வழியில் 2005-ல் லூக் கேனிஸின் பப்பெட் வந்தது, 2009-ல் செஃப் வந்தது. இவை சர்வருக்குள்ளே இருப்பதைக் கவனித்தன. சர்வரையே, அதைச் சுற்றியிருக்கிற நெட்வொர்க்கையே எழுத்தில் எழுத முடியுமா? 2011-ல் அமேசான் தன் கிளவுடுக்கு மட்டும் அப்படி ஒன்றைக் கொண்டுவந்தது. எல்லாக் கிளவுடுக்கும் பொதுவாக, யாரும் திறந்து பார்க்கிற மாதிரி ஒன்று வேண்டும் என்று நினைத்தவர் மிட்செல் ஹாஷிமோடோ. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பழக்கமான அர்மான் டாட்கரோடு சேர்ந்து 2012-ல் ஹாஷிகார்ப் கம்பெனியை ஆரம்பித்தார். 2014 ஜூலையில் டெராஃபார்ம் வந்தது.

டெராஃபார்மில் வேலை எப்படி நடக்கும்? ஒரு டிக்கெட் பதிவு புரோகிராம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கோப்பில் எழுதுகிறீர்கள்: எனக்கு ஒரு தனி நெட்வொர்க் வேண்டும். வெளியிலிருந்து வர ஒரே ஒரு வாசல். வருகிற கூட்டத்தைப் பிரித்து அனுப்ப ஒரு பங்கீட்டாளர். பின்னால் இந்தக் கைரேகை கொண்ட கன்டெய்னர், எட்டுப் பிரதி. எழுதி முடித்து 'பிளான்' என்றால், டெராஃபார்ம் உடனே எதையும் செய்துவிடாது. கிளவுடில் இப்போது என்ன இருக்கிறது என்று போய்ப் பார்த்துவிட்டு வந்து, 'இதைச் சேர்க்கப்போகிறேன், இதை மாற்றப்போகிறேன், இதை இடிக்கப்போகிறேன்' என்று கூட்டல், கழித்தல் குறி போட்டுப் பட்டியல் கொடுக்கும். அதை நாலு பேர் படித்து, சரி என்ற பிறகு 'அப்ளை'. காபி குடித்துவிட்டு வருவதற்குள் பெரும்பாலும் முடிந்திருக்கும்.

எட்டில் ஒன்று செத்துப்போனால்? அதைக் கவனிக்கத் தனி மேஸ்திரிகள் உண்டு. கூகுள் 2014 ஜூனில் வெளியிட்ட குபர்நெட்டிஸ் அதில் பிரபலம். கிரேக்க மொழியில் மாலுமி, சுக்கான் பிடிப்பவன் என்று அர்த்தம். எட்டு இருக்க வேண்டிய இடத்தில் ஏழு இருந்தால், யாரையும் எழுப்பாமல் எட்டாவதைக் கொண்டுவந்து வைத்துவிடும். அந்த வருடமே கூகுள் வாரத்துக்கு 200 கோடி கன்டெய்னர்களைத் துவக்கிக்கொண்டிருந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். மனிதர்களை வைத்து எண்ணி மாளுமா?

நைட் கம்பெனியில் இதெல்லாம் இருந்திருந்தால் பிழைத்திருக்குமா? முழுசாக அப்படிச் சொல்லிவிட மாட்டேன். ஒன்பது வருடம் பரணில் கிடந்த குப்பையை எந்தக் கருவியும் தானாகக் கூட்டாது. 97 மெயிலை எந்தக் கன்டெய்னரும் படிக்காது. ஆனால் எட்டாவது சர்வர் மட்டும் விட்டுப்போயிருக்காது. பழைய நிலைக்குத் திரும்பும்போது, எந்தப் பழைய நிலைக்குத் திரும்புகிறோம் என்பது எழுத்தில் இருந்திருக்கும்.

எழுத்தில் இருந்தால் மட்டும் போதுமா என்றால், ஆஸ்திரேலியாவுக்குப் போக வேண்டும். யூனிசூப்பர் அங்கே பெரிய ஓய்வூதிய நிதி. ஆறு லட்சத்துக்கும் மேல் உறுப்பினர்கள், 12,500 கோடி ஆஸ்திரேலிய டாலர் பணம். இவர்களுக்காக கூகுள் தன் கிளவுடில் ஒரு தனி இடத்தை அமைத்துக் கொடுத்திருந்தது. அமைக்கும்போது கூகுள் ஊழியர்கள் உள்வேலைக்கான ஒரு கருவியைப் பயன்படுத்தினார்கள். நிறைய விவரங்களைக் கேட்கும் கருவி. அதில் ஒரு கட்டத்தை மட்டும் காலியாக விட்டுவிட்டார்கள். காலியாக விட்டால் என்ன அர்த்தம் என்பது கருவிக்குத் தெரியும்: 'ஒரு வருடம் கழித்து அழித்துவிடு.' 2024 மே மாதம், சொன்ன சொல் தவறாமல் அழித்துவிட்டது!

வாடிக்கையாளர் கேட்டு அழித்திருந்தால் முன்கூட்டியே எச்சரிக்கை போயிருக்கும். இது யாரும் கேட்டதல்ல என்பதால் அதுவும் போகவில்லை. ஏறத்தாழ ஒரு வாரம், ரிட்டையர் ஆனவர்களும் ஆகப்போகிறவர்களும் தங்கள் கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க முடியாமல் தவித்தார்கள். கடைசியில் காப்பாற்றியது எது தெரியுமா? யூனிசூப்பர், எதற்கும் இருக்கட்டும் என்று வேறொரு நிறுவனத்திடமும் காப்பு நகல் வைத்திருந்தது. இதைத்தான் நம் வீட்டுப் பாட்டிகள் பீரோவில் பாதி, அரிசி டப்பாவில் பாதி என்று வைத்திருந்தார்கள்.

எட்டாவது சர்வரை மறந்த டெக்னீஷியனுக்கும், ஒரு கட்டத்தைக் காலியாக விட்ட ஊழியருக்கும் நடுவே ஏறத்தாழப் பதினோரு வருடம். முதலாமவர் செய்த தப்பு அடுத்த வாரமே வெடித்தது. இரண்டாமவருடையது ஒரு வருடம் பொறுமையாகக் காத்திருந்தது.

இனி, ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்ன அந்த மூலைப் பூட்டு. மெக்லீன் தரப்பு உரிமையை விட்டுக்கொடுத்ததால் பெட்டி உலகப் பொதுவாயிற்று. டாக்கரும் 2015-ல் கிட்டத்தட்ட அதே வழியில் போனது. கன்டெய்னர் எப்படி இருக்க வேண்டும் என்ற இலக்கணத்தைப் பொது அமைப்பின் கையில் கொடுத்தது. ஹாஷிகார்ப் போனது எதிர்த்திசையில். ஒன்பது வருடம் எல்லோருக்கும் திறந்திருந்த டெராஃபார்மின் உரிமத்தை 2023 ஆகஸ்ட் 10 அன்று மாற்றியது. பயன்படுத்தலாம், ஆனால் எங்களுக்குப் போட்டியாகக் கடை விரிக்கக்கூடாது என்று நிபந்தனை. கம்பெனி நடத்துகிறவர்களுக்கு ஆயிரம் கஷ்டம் இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் தங்கள் சர்வர், நெட்வொர்க், கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் அந்த மொழியில் எழுதிவைத்திருந்த கம்பெனிகளுக்கு, வீட்டுப் பத்திரத்தில் யாரோ புது வரி சேர்த்த மாதிரி இருந்தது.

போட்டிக் கடைக்காரர்களும் ரசிகர்களும் கூடினார்கள். பழைய உரிமத்தில் இருந்த கடைசிப் பதிப்பை எடுத்து, தனிக் குடித்தனம் வைத்தார்கள். அடுத்த மாதமே லினக்ஸ் ஃபவுண்டேஷன் அதைத் தத்தெடுத்துக்கொண்டது. ஹாஷிகார்ப்பை 640 கோடி டாலருக்கு வாங்குவதாக ஐபிஎம் 2024-ல் அறிவித்து, 2025 பிப்ரவரியில் வாங்கி முடித்தது.

தனிக் குடித்தனத்தின் பெயர் ஓப்பன்-டோஃபு. சோயா பனீர்! பெயரைக் கேட்டுச் சிரித்தவர்கள் நிறைய. ஆனால் அது முதன்முதலில் வெளிவந்தபோது, டெராஃபார்முக்கென்று எழுதிய கோப்புகளில் ஒரு எழுத்தைக்கூட மாற்ற வேண்டியிருக்கவில்லை. உத்தரவு போடும்போது டெராஃபார்ம் என்று அடிக்கிற இடத்தில் டோஃபு என்று அடித்தால் போதும்.